பூஜைக்குப் போன பம்ப்

போன வாரம் ஜோஸ்னா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துச் சிக் ரூமுக்கு வந்திருக்கும் நர்ஸ் அவள். மருந்து வைக்கப் புதிதாக ஓர் அலமாரி வாங்கியிருக்கிறார்களாம். நம்பர் போட்டால்தான் திறக்குமாம். அந்த நம்பர் அவளுக்கும் ஆபீசுக்கும் மட்டும்தான் தெரியுமாம். மாத்திரை, சிரப், களிம்பு, வீசிங் இருக்கிற பிள்ளைகள் மூச்சு திணறும்போது வாயில் வைத்து அடிக்கிற பம்ப் எல்லாமே இனி அதற்குள்தான் இருக்க வேண்டும் என்று புது நிர்வாகம் சொல்லிவிட்டது. "உங்க காலத்துல பம்ப்பை எங்க வெச்சிருந்தீங்க சிஸ்டர்?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. சர்க்குலர் வந்தால் அப்படியே தலையாட்டுகிற பெண்ணாக இருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டாள்.

போனில் சொல்லி மாளாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஒரு வரிக் கேள்விக்கு இத்தனை பக்கமா என்று என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் ஒரு வரியில் பதில் சொன்னால் ஜோஸ்னா அதை மேலே இருப்பவர்களிடம் போய்ச் சொல்வாள், அவர்கள் ஏன் என்று கேட்பார்கள், அவள் முழிப்பாள். அந்த ஏனுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துப் பெண். நர்சிங் படித்தது, ஹாஸ்டல் சோறு தின்றது, நைட் டூட்டியில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டது எல்லாம் எல்லா நர்சுகளுக்கும் நடந்ததுதான். அதைச் சொல்லி யாரையும் அறுக்கப் போவதில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் நைட் டூட்டி ஒத்து வரவில்லை. ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியை ஒட்டி ஒரு பள்ளியில் நர்ஸ் தேவை என்றார்கள். கொஞ்ச நாள் பார்ப்போம் என்று போனவள் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். கூடப் படித்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்துகொண்டு, வயிற்று வலிக்கு ஓமவாட்டர் கொடுக்கிற வேலைதானே என்று என்னைக் கேலி செய்வார்கள். பாதி உண்மைதான். கணக்குப் பரீட்சை அன்றைக்கு என் அறையில் நிற்க இடமிருக்காது.

அந்த அறை இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு கைகழுவும் தொட்டி, விளையாட்டு மைதானத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். டெட்டால் வாசனையும் ஆயா ரத்னம்மா கொண்டுவரும் புளியோதரை வாசனையும் கலந்து அடிக்கும். மதியம் பிள்ளைகள் சத்தம் அடங்கி, தலைக்கு மேல் படியில் மட்டும் யாரோ நடக்கிற ஓசை கேட்கும். நடக்கிற விதத்தை வைத்தே டீச்சரா, பிள்ளையா, பிரின்சிபாலா என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் மதியம் தூக்கத்திலிருந்து விழித்தால் ஒரு நொடி அந்தப் படிச் சத்தத்துக்குக் காது கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

பிரின்சிபால் சாவித்ரி மேடம் கன்னடக்காரர். டீச்சர்களிடம் இங்கிலீஷ், ஆயாக்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ். சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடிக் கற்றுக்கொண்ட தமிழ் அது. அதனால் அவர் தமிழில் 'நீங்க' என்ற சொல்லே கிடையாது. எல்லோரும் 'நீ'தான். ஒருமுறை பள்ளிக்கு வந்த ஒரு பெரிய அதிகாரியை, தமிழர் என்று தெரிந்த சந்தோஷத்தில், "வா, உக்காரு, காபி குடிக்கறியா?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் முகம் போன போக்கை நானும் ரத்னம்மாவும் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

மேடம் வேகமாக நடக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் சிக் ரூம் வாசலில் வந்து நிற்பார். உள்ளே வந்து உட்கார்ந்ததே இல்லை. நின்ற இடத்திலிருந்தே மூன்று கேள்வி கேட்பார். யாரு? என்ன? அம்மாவுக்குச் சொன்னியா? மூன்றுக்கும் பதில் கிடைத்ததும் போய்விடுவார். முதலில் அது எனக்கு அலட்சியமாகப் பட்டது. அந்த மூன்றும்தான் அவசியமான கேள்விகள், நான்காவது கேட்பவர்கள் வேலையைக் கெடுப்பவர்கள் என்று புரியக் கொஞ்ச காலம் ஆனது.

மருந்து விஷயத்தில் அவர் கறார். நான் சேர்வதற்கு முன்னால் ஒரு குழந்தை தன் சளி மாத்திரையை மிட்டாய் மாதிரி பெஞ்சு முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. அதிலிருந்து மருந்தெல்லாம் பூட்டிய அலமாரியில். சாவி என் இடுப்பில், இன்னொன்று ஆபீசில். பம்ப்பை மட்டும் பூட்டக்கூடாது என்று நான் அவரிடம் மல்லுக்கு நின்றேன். மூச்சு திணறும்போது சாவி தேட முடியாது, நான் பாத்ரூம் போயிருந்தால்கூட ஆபத்து என்றேன். கடைசியில் மேஜையின் மேல் டிராயர் பம்ப்புக்கு என்று ஒதுக்கப்பட்டது. பூட்டு கிடையாது. சிக் ரூமில் பூட்டு இல்லாத ஒரே மருந்து அதுதான், அதை நான் பெரிய வெற்றியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீர்த்தனா நான்காம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். அவளுக்கு வீசிங் இருக்கிறது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. படிதான் சொன்னது. வகுப்பு மாடியில். எல்லாப் பிள்ளைகளும் தடதடவென்று ஏறும்போது ஒரு ஜோடிக் கால் மட்டும் பாதியில் நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் இவள் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பாள். நாலைந்து நாள் பார்த்தேன். தினமும் அதே படியில் லேஸ் அவிழுமா என்று ஒருநாள் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், அவள் போட்டிருந்தது பக்கிள் வைத்த ஷூ. லேஸே கிடையாது. மூச்சு வாங்குவதை மறைக்க அந்தப் பிள்ளை கண்டுபிடித்த வழி அது.

அவள் அம்மா சுமதியைக் கூப்பிட்டுவிட்டேன். திருவண்ணாமலைப் பக்கம். பொம்மனஹள்ளியில் குடியிருந்துகொண்டு கார்மெண்ட்ஸில் வேலை. கார்மெண்ட்ஸ் என்றால் ஆளுக்கொரு துண்டு வேலை. ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பட்டன். சுமதிக்குப் பாக்கெட். வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகளுக்குக் காலையிலிருந்து மாலைவரை பாக்கெட் மட்டும் தைப்பாள். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்றே தனக்குத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பெண்ணின் பேச்சை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். சளிதான். இந்த ஊரு குளிரு ஒத்துக்கல."

படியில் நின்றதைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் எழுதிய பம்ப் வீட்டில் இருக்கிறது, ராத்திரி ரொம்ப இழுத்தால் மட்டும் கொடுப்பாளாம். பம்ப் பழகிவிட்டால் ஆயுசுக்கும் விடாது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பொம்பளைப் பிள்ளை வாயில் பம்ப் வைப்பதைச் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை. என் தங்கைக்கும் வீசிங் இருந்தது, அதை என் அம்மா அவள் பிரசவம்வரை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை.

அதனால் சுமதியிடம் சண்டை போடவில்லை. பழக்கம் ஆவதற்கு அது சாராயம் இல்லை, சுருங்கிப்போன மூச்சுக்குழாயை விரித்துவிடுகிற மருந்து, வயிற்றுக்குப் போகாமல் நேரே நெஞ்சுக்குப் போகிறது, அவ்வளவுதான் என்றேன். இரண்டு வாரம் கழித்து, கைக்குட்டையில் சுற்றி, டிபன் பைக்குள் ஒளித்து, பள்ளிக்கென்று இன்னொரு பம்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை. யாரும் பார்க்கக்கூடாது. என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

பம்ப் அடிப்பது ஏதோ மூக்குப்பொடி போடுவதுபோல என்று பலர் நினைக்கிறார்கள். வாயில் வைத்து அழுத்தினால் மருந்து பாதி நாக்கிலும் தொண்டையிலும் அடித்துவிட்டுப் போய்விடும். பிள்ளைகளுக்கு ஸ்பேசர் வேண்டும். பாட்டில் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடு. ஒரு முனையில் பம்ப், மறு முனையில் வாய். மருந்து முதலில் கூட்டுக்குள் நிற்கும், பிள்ளை தன் பாட்டுக்கு இழுத்துக்கொள்ளலாம். பம்ப்பை நன்றாகக் குலுக்க வேண்டும். உதடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். ஒரு தடவை அழுத்தி, ஐந்து மூச்சு. கொஞ்சம் பொறுத்து, திரும்பக் குலுக்கி, அடுத்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தக்கூடாது. எவ்வளவு திணறினாலும் படுக்கக்கூடாது, காலைத் தொங்கப்போட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கையை முட்டியில் ஊன்றி உட்கார வேண்டும். டையைத் தளர்த்த வேண்டும். பேசச் சொல்லித் தொந்தரவு செய்யக்கூடாது.

கீர்த்தனா இதையெல்லாம் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். மூச்சை விரல் மடக்கி எண்ணுவாள். நான் அவசரப்பட்டு நாலாவதிலேயே ஸ்பேசரை எடுக்கப் போனால் கட்டைவிரலைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டுவாள், இன்னும் ஒன்று பாக்கி என்று. விளையாட்டு பீரியடுக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துவிட்டுப் போவாள். ஷூ லேஸ் கட்டுவது நின்றது. கபடியில் சேர்ந்துவிட்டாள் என்று ரத்னம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

ரத்னம்மாவுக்கு அவள்மேல் உயிர். கோலார் பக்கத்துக்காரி, தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுவாள். தன் பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியாகப் போய்விட்டார்கள். இவளை 'மகு, மகு' என்று கூப்பிடுவாள். கன்னடத்தில் குழந்தை. கதவைச் சாத்தி வெளியே காவல் நிற்பது அவள் வேலை. யாராவது எட்டிப் பார்த்தால், உள்ளே சிஸ்டர் ஊசி போடுகிறார், உனக்கும் வேண்டுமா என்று விரட்டுவாள்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். பெங்களூரில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளிலிருந்து லாரிவரை மாலை போடாத சக்கரம் இருக்காது. எங்கள் பள்ளியில் தசரா லீவு விடும் நாளில் பூஜை. லேபிலிருந்து மைக்ராஸ்கோப், விளையாட்டு அறையிலிருந்து பேட், ஆபீசிலிருந்து ஸ்டேப்ளர், சமையலறையிலிருந்து தேங்காய் துருவி, எல்லாம் ஹாலில் படிபோல அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பூ போட்டுவிடுவார்கள். வைத்த பொருளை மங்களாரத்தி முடிந்து ஐயர் எடுத்துக் கொடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. என் அறையிலிருந்து பி.பி. மிஷின், எடை பார்க்கும் மிஷின், கத்தரிக்கோல் எல்லாம் போகும். மருந்து போகாது. மருந்து ஆயுதம் இல்லை என்று எனக்கும் ரத்னம்மாவுக்கும் வருஷக்கணக்கான ஒப்பந்தம்.

அன்றும் அவள் வழக்கம்போல எல்லாவற்றையும் என் கண்ணெதிரில் தட்டில் எடுத்துக்கொண்டு போனாள். பஸ் நிற்கும் இடத்தில் டிரைவர்கள் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். அதை மிதித்து ஒரு பையன் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான் என்று கூப்பிட்டார்கள். பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஹாலில் பாட்டு ஆரம்பித்திருக்கிறது. கீர்த்தனா பாடுகிற பிள்ளைகளில் முன்வரிசை. அவள் காலடியில் சாம்பிராணித் தட்டு. பக்கத்தில் கொத்துக் கொத்தாக ஊதுபத்தி. ஹால் ஜன்னல்களை அலங்காரத்துக்காகத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது என் அறையில் அவள் மட்டும் இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, முன்னால் சாய்ந்திருந்தாள். டையை அவிழ்த்திருந்தாள். ஸ்பேசரை எடுத்து மடியில் தயாராக வைத்திருந்தாள். சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை வரிசை தப்பாமல் செய்திருந்தது. டிராயர் திறந்திருந்தது. உள்ளே பம்ப் இல்லை. லீவு என்பதால் மற்ற பிள்ளைகளுடையதை முந்தின நாளே வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தேன், வீட்டில் ஒன்று இருந்ததால் இவளுடையது மட்டும் டிராயரிலேயே இருந்தது.

கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. "சிஸ்டர்" என்பதைச் சொல்ல இரண்டு மூச்சு எடுத்தாள். நான் அலமாரி, மேஜை, குப்பைக்கூடை என்று தலைகீழாகத் தேடிக்கொண்டிருந்தபோது ரத்னம்மா வாசலில் பூவோடு வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள், திறந்த டிராயரைப் பார்த்தாள், கையிலிருந்த பூவைக் கீழே போட்டாள்.

"சிஸ்டர், அது பூஜைல இருக்கு."

நான் அவளைத் திட்டினேனா என்று ஞாபகமில்லை. திட்டியிருப்பேன். கேட்க அவள் நிற்கவில்லை. அந்தப் பருத்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. ஹாலில் அப்போது மங்களாரத்தி நடந்துகொண்டிருந்தது. மணி அடித்துக்கொண்டிருக்க, பள்ளிக்கூடமே கைகூப்பி நிற்க, ரத்னம்மா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், ஐயர் கத்தக் கத்த, அடுக்கி வைத்த பூவுக்குள் கையை விட்டு நீல பம்ப்பை உருவிக்கொண்டு ஓடி வந்தாள். வாழ்நாளில் ஒரு வெள்ளிக்கிழமை விரதத்தைக்கூட விடாதவள். சாமிக்கு முன்னால் வைத்ததை அப்படிப் பிடுங்கி எடுக்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பம்ப்பைக் கையில் வாங்கிப் பார்த்தால் உடம்பு முழுக்கச் சந்தனம். வாய் வைக்கிற இடத்தில் பெரிய குங்குமப் பொட்டு. மருந்து வருகிற துளையைச் சந்தனம் அடைத்திருந்தது. அப்படியே அழுத்தினால் மருந்து வராது, வந்தாலும் குங்குமத்தோடு நெஞ்சுக்குள் போகும். உள்ளே இருக்கிற உலோக டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு, பிளாஸ்டிக்கை மட்டும் குழாயடியில் பிடித்தேன். தொட்டியில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. கீர்த்தனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒவ்வொரு மூச்சும் வேண்டியிருந்தது, நான் அங்கே பாத்திரம் கழுவுகிற மாதிரி கழுவிக்கொண்டிருந்தேன். என் சர்வீஸில் அவ்வளவு நீளமான நேரம் வேறு கிடையாது. உதறி, புடவையில் துடைத்து, டப்பாவைப் பொருத்தி, காற்றில் இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது, ஸ்பேசருக்குள்.

அப்போது படியோரம் காலடிச் சத்தம் கேட்டது. மேடம்தான், ஆனால் நடை வேறு மாதிரி இருந்தது. வாசலில் வந்தவர் நிற்கவில்லை. மூன்று கேள்வியில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே வந்து, கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டார். வலது கையில் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அழுத்தி, ஐந்து விரல். திரும்பக் குலுக்கி, ஐந்து விரல். நாலைந்து முறை ஆன பிறகும் கழுத்துக் குழி அடங்கவில்லை. ஆஸ்பத்திரி என்றேன். மேடம் எழுந்தார்.

நின்றிருந்த ஒரே வேன், பூஜை போட்டு வாழைக்கன்று கட்டி, கண்ணாடி பாதி தெரியாமல் மாலை தொங்கவிட்ட வேன். சக்கரத்துக்கு இன்னும் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை, வைத்து நசுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று டிரைவர் தயங்கினார். அவரும் தமிழர்தான். "நீ ஏறு முதல்ல" என்றார் மேடம். அவ்வளவுதான். ஓசூர் ரோட்டில் எல்லோரும் வழிவிட்டார்கள். வாழைக்கன்றுக்குக் கிடைத்த மரியாதை என்று டிரைவர் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தார். ஹாரனிலிருந்து அவர் கையை எடுக்காததுதான் காரணம். வண்டி ஆட ஆட நான் அழுத்த, மேடம் ஸ்பேசரை அசையாமல் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது நான் அவசரத்தில் நாலாவது மூச்சிலேயே ஸ்பேசரை எடுக்கப் போனேன். கீர்த்தனா கட்டைவிரலைத் தூக்கினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்துவிட்டது.

நெபுலைசர் மிஷினில் மருந்தைப் புகையாக இழுக்க வைத்து, ஒரு ராத்திரி வைத்திருந்து, அனுப்பிவிட்டார்கள்.

லீவு முடிந்து முதல் நாள் மேடம் அறையில் கூட்டம். சுமதி, கீர்த்தனா, நான், கதவோரம் ரத்னம்மா. அதற்குள் நிர்வாகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள், டிராயர் திறந்திருந்ததால்தானே யார் வேண்டுமானாலும் எடுக்க முடிந்தது, பம்ப்பையும் பூட்டுங்கள் என்று. நான் சண்டை போட்டு வாங்கிய டிராயர் அது, அதனால்தான் பம்ப் காணாமல் போனது என்று அவர்கள் சொல்வதும் பொய்யில்லையே. மேடம் ரத்னம்மாவிடம், ஏன் எடுத்தாய் என்று கன்னடத்தில் கேட்டார். ரத்னம்மா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"மாத்திரைதான் சிஸ்டர் மருந்து. இது அமுக்கினா காத்து வருது, மிஷின்தானே? மகுக்கு வாழ்க்கை பூரா ஒழைக்கற மிஷின், அதுக்குப் பூஜை பண்ணாம விடலாமான்னு, நீங்க பஸ்கிட்ட போனப்ப எடுத்து வெச்சேன்."

சுமதி அவளைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வேறு ஒன்றைச் சொன்னாள். ஹால் முழுக்க அந்தப் பம்ப்பைப் பார்த்துவிட்டது, எதிர்வீட்டுப் பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள், தெருவெல்லாம் தெரிந்துவிட்டது, இனி பம்ப்பை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றாள். ஆக, ஒரு பக்கம் பூட்டு, இன்னொரு பக்கம் வீடு. இரண்டில் எதில் போனாலும் பம்ப் அந்தப் பிள்ளையிடமிருந்து இன்னும் தூரம்தான் போகப் போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். மேடம் மூடிய பேனாவால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். அவர் கீர்த்தனா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. உனக்கு எங்க வேணும்?"

"என்கிட்ட."

"உன்கிட்டன்னா? பேக்ல வெச்சா கிளாஸ்ல இருக்கும். நீ கிரவுண்டுல இருப்பே."

கீர்த்தனா தன் யூனிபாரத்தைக் குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் கையால் தடவினாள்.

"பாக்கெட் இல்ல மேடம்."

மேடம், ரத்னம்மா, நான், மூன்று பெண்களும் வருஷக்கணக்கில் அந்த யூனிபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பையன்கள் டிரவுசருக்குப் பாக்கெட் உண்டு, சட்டைக்கு உண்டு. பெண்பிள்ளைகள் பினோஃபார் கவுனில் கைக்குட்டை வைக்கக்கூட இடமில்லை, பின் குத்தி வைத்துக்கொள்வார்கள். துணியைத் தேர்ந்தெடுத்தது மேடம்தான். அவர் அதை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்.

சுமதி எழுந்தாள். மகள் பக்கத்தில் மண்டியிட்டு, இடுப்புக்குக் கீழே துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துப் பார்த்தாள். மேஜையில் இருந்த பம்ப்பை எடுத்து வைத்து அளவு பார்த்தாள். கொஞ்ச நேரம் முன்னால் வீட்டில் ஒளித்து வைக்கிறேன் என்று சொன்ன பெண், இத்தனை பேர் நடுவில் கைக்குட்டை சுற்றாமல் அந்தப் பம்ப்பைக் கையில் எடுத்தது அதுதான் முதல் முறை.

"இங்க வெக்கலாம் மேடம். உள்பக்கம் வேணாம், வெளியவே வெச்சுத் தெக்கறேன். எடுக்க லேசா இருக்கும்."

நிர்வாகத்திடம் தான் பேசிக்கொள்வதாக மேடம் சொன்னார். என்ன பேசினாரோ, பூட்டு வரவில்லை. மறுநாள் கீர்த்தனா வந்தபோது இடுப்பில் பாக்கெட் இருந்தது. நாலு மூலையிலும் இரட்டைத் தையல், மேலே ஒரு மூடி, அதற்கு ஒரு பட்டன். வெளிநாட்டுச் சட்டைக்குத் தைப்பதைவிட நன்றாகத் தைத்திருக்கிறாய் என்று சுமதியிடம் சொன்னேன். அங்கே சூப்பர்வைசர் நேரம் பார்ப்பார், இங்கே யாரும் பார்க்கவில்லை என்றாள். பார்த்துவிட்டு மற்றப் பெண்பிள்ளைகளும் பாக்கெட் கேட்டார்கள். அடுத்த வருஷம் யூனிபாரமே பாக்கெட்டோடு வந்தது. சுமதியிடம் இன்னொரு பம்ப்பும் வாங்கி வரச் சொல்லி டிராயரில் வைத்துக்கொண்டேன், ஒன்று தொலைந்தால் ஒன்று என்று. டிராயர் பூட்டப்படவில்லை. ரத்னம்மா மட்டும் அதற்குப் பிறகு அந்த டிராயரைத் துடைக்கக்கூடத் தொடவில்லை, நான்தான் துடைப்பேன்.

ஜோஸ்னா, உன் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ஒன்று பிள்ளையிடம், ஒன்று பூட்டில்லாத டிராயரில். அலமாரிக்காரர்கள் கேட்டால் என் நம்பரைக் கொடு, பேசுகிறேன்.

அடுத்த வருஷத்து ஆயுத பூஜையைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஹால் ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லி மேடம் உத்தரவு போட்டிருந்தார், சாம்பிராணி வெளியே வராண்டாவுக்குப் போய்விட்டது. ரத்னம்மா குங்குமக் கிண்ணத்தோடு ஒவ்வொரு பொருளாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். கீர்த்தனா பின்வரிசையில் ஜன்னலோரம் நின்றிருந்தாள். ரத்னம்மாவைப் பார்த்ததும் தானே பாக்கெட் பட்டனைக் கழற்றி, பம்ப்பை எடுத்து நீட்டினாள். ரத்னம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "பேடா மகு, வேணாம், எடுக்காத. உள்ளயே இருக்கட்டும்" என்று அதைத் திரும்ப வைக்கச் சொல்லி, பட்டனைத் தானே மாட்டிவிட்டாள். அப்புறம் குனிந்து, பாக்கெட்டுக்கு மேலே துணியில் ஒரு பொட்டு வைத்தாள்.

அந்தக் கறை சோப்புக்குப் போகவில்லையாம். வேறு யூனிபாரம் மாற்றித் தரட்டுமா என்று ஆபீசில் கேட்டதற்கு, வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சுமதி சொல்லிவிட்டாள்.